எந்த வீட்டுக்கு முதலில் பெட்டி

முப்பத்தாறு வயதில் ஒருவன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் என் முதுகைப் பார்த்த டாக்டர், இனி எடை தூக்கக் கூடாது, லோடு வண்டியில் குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பந்தல், சேர், ஜெனரேட்டர், பிணம் வைக்கும் ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடும் எங்கள் தொழிலில் இந்த இரண்டும் இல்லாத நாள் கிடையாது. மேனேஜராக இருந்தாலும் கிடையாது. ஆள் குறைந்தால் பெட்டியின் நாலாவது மூலையை மேனேஜர்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பிடித்தே என் வேலை முடிந்தது.

இப்போது பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதே தொழிலை நடத்தும் இளைஞர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். "அண்ணே, ஒரே நேரத்துல பத்து எடத்துலேர்ந்து போன் வருது. எதை மொதல்ல பாக்குறது, எதைத் தள்ளி வைக்கிறதுன்னே தெரியலை. நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒரு பாதி உங்களுக்கு உதவும். மறுபாதி உதவாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்வது நியாயமில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து, மக்காச்சோளம் உடைத்து, என்னைப் பெரம்பலூரில் பி.பி.ஏ. படிக்க வைத்தார்கள். கல்லூரியில் நேர மேலாண்மை என்று ஒரு பாடம் இருந்தது. ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு, அவசரமானது எது, முக்கியமானது எது என்று வேலைகளைப் பிரித்து எழுதச் சொல்வார்கள். அதில் எனக்கு நல்ல மதிப்பெண். வேலைக்குச் சேர்ந்த பின் வந்த முதல் முகூர்த்த நாளிலேயே அந்தக் கட்டங்கள் காணாமல் போயின.

அன்று அரியலூரில் ஒரு கல்யாணம், வேப்பூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு சாவு. எல்லாமே அவசரம், எல்லாமே முக்கியம். போன் வந்த வரிசைப்படி நான் ஆளை அனுப்பினேன். காதுகுத்து வீட்டுக்காரர் முதலில் கூப்பிட்டிருந்ததால் ஜெனரேட்டர் அங்கே போனது. மின்சாரம் போய்விட்ட சாவு வீட்டில் ஐஸ் பெட்டி சூடாகிக் கொண்டிருந்தது.

முதலாளி தங்கராசு என்னைத் திட்டவில்லை. அவர் யாரையும் கத்தித் திட்டுகிறவர் இல்லை. கொட்டகை வாசலில் நின்றபடியே இருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. வாயில் ஒரு கிராம்பு இருக்கும். அன்று அதை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "குமாரு, காதுகுத்துல கரண்டு போனா என்னாகும்?" என்றார்.

"பாட்டு நின்னுரும் முதலாளி."

"நின்னா?"

"ஒண்ணும் ஆவாது."

"அப்புறம்? புள்ளைக்குக் காது அவிஞ்சாப் போயிரும்?"

வேலையாட்கள் சிரித்தார்கள். நானே வண்டி எடுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டரை மாற்றிக் கொண்டுவந்தேன். கூப்பிட்ட வரிசை என்பது ஒரு வரிசையே இல்லை என்று அன்று புரிந்தது. வசதியுள்ளவனும் பதற்றக்காரனும்தான் எப்போதும் முதலில் கூப்பிடுகிறார்கள்.

அவரிடம் பார்த்த இரண்டு பழக்கங்களை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, யாரிடமும் அவர் "பார்க்கலாம்" என்று சொன்னதே இல்லை. "வரும்" அல்லது "வராது", அவ்வளவுதான். "பாக்கலாம்னு சொன்னா அவன் நம்மள நம்பி உக்காந்திருப்பான். வராதுன்னு சொன்னா நம்மளத் திட்டிக்கிட்டே வேற கடைக்குப் போயிருவான். திட்டுனா என்ன, அவன் வேலை ஆவுதுல்ல?" என்பார்.

இன்னொன்று, சாவுச் செய்தி சொல்லி யார் கூப்பிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி. எப்போது இறந்தார், என்ன வயது என்று கேட்க மாட்டார். "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றுதான் கேட்பார்.

எங்கள் வேலை முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. கல்யாணத்துக்கு நேரம் பத்திரிகையில் அச்சாகிவிட்டது, நகராது. சாவு வீட்டின் நேரம் வேறொருவர் கையில் இருக்கிறது. வர வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். மகள் ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறிவிட்டாள் என்றால் பெட்டியே வேண்டாம், ஒரு ஃபேன் போதும். மகன் சென்னையில் என்றால் மாலைக்குள் அடக்கம். குவைத், சிங்கப்பூர் என்றால் லீவு, டிக்கெட், திருச்சி ஏர்போர்ட், அங்கிருந்து கார். அந்த வீட்டுக்குத்தான் முதல் பெட்டி. செத்தவருக்காக யாரும் ஐஸ் பெட்டி எடுப்பதில்லை. வரப்போகிறவருக்காக எடுக்கிறார்கள்.

பெட்டியை அனுப்புவதிலும் முறை உண்டு. அனுப்பும் முன் கொட்டகையிலேயே காலியாக ஓடவிட்டு உள்ளே நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் கூடவே போக வேண்டும். நம் ஊர்களில் வயல் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். லைட் பாயிண்டிலிருந்து வயர் எடுக்கவே கூடாது, மெயினிலிருந்துதான். உடம்பை நன்றாகத் துடைத்து, ஈரமில்லாமல் வைக்க வேண்டும். ஈர மாலையை உள்ளே போட்டால் கண்ணாடியில் பனி படர்ந்து முகம் தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அழுகிற ஒவ்வொருவருக்காகவும் மூடியைத் திறக்கக் கூடாது. இதைச் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

எனக்கு இதையெல்லாம் கையால் காட்டியவர் அப்பாஸ் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர், எங்களிடம் டிரைவராகவும் எலக்ட்ரீஷியனாகவும் இருந்தார். "எங்க ஊர்ல ஒங்க பொட்டிக்கு யாவாரமே கெடையாது மேனேஜரே. மத்தியானம் லுஹருக்கு மவுத்தானா சாயங்காலம் அஸருக்குள்ள அடக்கம்" என்று கிண்டல் செய்வார். ஒருநாள் கிண்டல் இல்லாமல் சொன்னார்: "நான் அங்க இருந்தப்ப எங்க அத்தா மவுத்தானாங்க. டிக்கெட் எடுக்குறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. போன்ல மண்ணத்தான் காமிச்சாங்க. எங்க மார்க்கத்துல அதான் சரி. ஆனாலும் ஒங்காளுங்க காத்திருக்கறதப் பாக்கையில எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

முதலாளி கேட்கும் இரண்டாவது கேள்வி ஒன்றும் இருந்தது. "எந்தத் தெரு?"

வண்டிக்கு வழி கேட்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் மூன்று பெட்டிகள் இருந்தன. இரண்டு கொட்டகையின் முன்பக்கம், எப்போதும் துடைத்து வைத்திருக்கும். ஒன்று பின்பக்கம், டீசல் டிரம்முக்குப் பக்கத்தில். பின்னால் இருந்தது பழையது என்பதால் அங்கே கிடக்கிறது என்று எண்ணினேன். வாங்கிய ரசீதைப் பார்த்தால் மூன்றும் ஒரே சமயத்தில் வாங்கியவை. பின்பக்கத்துப் பெட்டி காலனிக்கு மட்டும் போகும். முன்பக்கத்துப் பெட்டிகள் ஊர்த்தெருக்களுக்கு மட்டும் போகும். காலனிக்குப் போய் வந்த பெட்டியில் ஊர்த்தெருக்காரர்கள் தங்கள் பிணத்தை வைக்க மாட்டார்கள்.

நானும் அப்படி ஒரு காலனித் தெருவிலிருந்து வந்தவன்தான். முதலாளிக்குத் தெரியும். தெரிந்துதான் வேலை கொடுத்தார், சாவியையும் கொடுத்தார். அவரிடம் இதைக் கேட்டபோது கிராம்பைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நான் வச்ச மொறை இல்ல குமாரு. ஒருக்கா மாத்தி அனுப்பிச்சேன். அந்தச் சுத்துப்பட்டுல ஒரு வருசத்துக்கு ஒரு சேரு கூடப் போவலை. கல்யாணம், காதுகுத்து எல்லாம் நின்னு போச்சு. இங்க வேலை பாக்குற இத்தனை பேரு சாப்புடணும்ல?"

தொழில் நடத்துகிறவன் எதையும் தனியாக வைத்து எடை போட முடியாது, ஒன்றுக்கு எதிராக இன்னொன்றைத்தான் வைத்துப் பார்க்க முடியும். அதைக் கல்லூரியிலும் சொன்னார்கள். தராசின் மறுதட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான் சொல்லவில்லை.

வைகாசி மாதம். பெரிய முகூர்த்தம். முதலாளி காலையிலேயே அரியலூர்க் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டார். வெயில் ஏறிய நேரத்தில் குன்னத்துக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து போன் வந்தது. அந்த ஊரின் பெயர் வேண்டாம். பேசியது செல்வி என்ற பெண். அவள் அம்மா விடிகாலையில் இறந்துவிட்டார்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"தம்பிக்குங்க. முருகேசன். குவைத்துல டிரைவரா இருக்கான். நாளைக்கு மதியம் திருச்சிக்கு வந்துருவேன்னு சொல்லிட்டான். நாலு வருசம் ஆச்சுங்கண்ணே அம்மாவப் பாத்து. மொகத்த மட்டும் பாக்கணும்னு போன்ல ஒரே அழுவை."

நான் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "காலனிங்க. ஸ்கூலத் தாண்டி வரணும்."

பின்பக்கத்துப் பெட்டி ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊரில் இருந்தது. அங்கேயும் மகனுக்காகக் காத்திருந்தார்கள், மறுநாள்தான் திரும்பும். முன்பக்கத்துப் பெட்டிகளில் ஒன்று வெளியே போயிருந்தது. மற்றது கொட்டகையில் குளிர்ந்து, தயாராக இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"ஐஸ் பார் வாங்கி வச்சுக்கச் சொல்லு" என்றார்.

"இந்த வெயில்ல நாளைக்கு மதியம் வரைக்கும் தாங்காது முதலாளி. முன்னாடிப் பெட்டி ஒண்ணு சும்மா கெடக்கு."

"சும்மா கெடக்கல. இருக்கு."

"யாருக்கு?"

"யாருக்காவது. நாளைக்கு ஊர்த்தெருவுல ஒருத்தர் கண்ண மூடுனா நீ என்ன பதில் சொல்லுவ?"

"இன்னைக்கு மூடுனவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"பெட்டி போவாது குமாரு" என்று வைத்துவிட்டார்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முறைப்படிதான் நான் முடிவெடுத்தேன். யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? குவைத்திலிருந்து வரும் மகனுக்காக. அப்படியானால் முதல் பெட்டி அங்கேதான். அப்பாஸ் பாயைக் கூப்பிட்டு, "ஏத்துங்க பாய், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க பாத்துக்குவீங்க. ஊர்க்காரன் நம்மளப் பாத்துக்குவான்" என்றார். ஆனாலும் ஏற்றினார்.

காலனிக்குப் போகும் வழி ஊர்த்தெருவைத் தாண்டித்தான். டீக்கடையில் இருந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். "யாருக்கு பாய்?" என்று ஒருவர் கேட்டார். "ஸ்கூலுக்கு அந்தாண்ட" என்று பாய் வண்டியை நிறுத்தாமல் போனார். போன தை மாதம் அந்த மனிதரின் அப்பாவை இதே பெட்டியில்தான் வைத்திருந்தோம். கைப்பிடி ஒன்று வளைந்திருக்கும். அதை அவர் மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலையை முறையாகச் செய்தோம். மெயினிலிருந்து வயர், ஸ்டெபிலைசர், தரை சமமில்லாத இடத்தில் கட்டை. பெண்கள் அந்த அம்மாவைத் துடைத்து, புதுப்புடவை சுற்றிக் கொடுத்தார்கள். மூடியை மூடியதும் செல்வி கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "தூங்குற மாரியே இருக்குண்ணே. நாளைக்கு அவன் வந்தா பாத்துருவான்" என்றாள். தம்பிக்கு வீடியோ போட்டுக் காட்டப் போனவளை நான் தடுத்தேன். நேரில் பார்க்கட்டும் என்றேன்.

உச்சிப்பொழுது தாண்டி முதலாளியின் கார் வந்தது. காலனி தொடங்கும் இடத்தில், தார் ரோட்டிலேயே நின்றது. பின்சீட்டிலும் டிக்கியிலும் சாக்கு சுற்றிய ஐஸ் பார்கள். கல்யாணத்தை விட்டுவிட்டுப் பெரம்பலூர் போய் ஏற்றி வந்திருக்கிறார். பட்டு வேட்டி நனைந்திருந்தது.

"பெட்டிய ஏத்து குமாரு."

"நான் ஏத்த மாட்டேன் முதலாளி."

"தை மாசம் அப்பாவுக்கு நம்ம பெட்டி எடுத்தாரே, அவருகிட்டேர்ந்து எனக்கு வந்த போனு என்னன்னு தெரியுமா? 'அந்தப் பொட்டி அங்கயே இருக்கட்டும். இனிமே ஒன் பந்தலு, சேரு எதுவும் இந்தப் பக்கம் வர வேணாம்'னு சொல்றாரு. சத்தம் போடல. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

"போகட்டும் முதலாளி. நாளைக்கு மதியம் வரைக்கும். அந்தப் பையன் வந்து மொகத்தைப் பாத்ததும் நானே கழுவிக் கொண்டாந்து வைக்கறேன்."

அவர் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே நின்றார். அவர் பதில் சொல்லும் முன் செல்வியின் சித்தப்பா எங்களிடம் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் என்னிடம்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க ஏன் பயப்படுறீங்க? நீங்க கேட்ட பெட்டி, நான் கொடுத்தேன். யாரு என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க தம்பி. நாளைக்கு எங்க அண்ணியத் தூக்கிட்டுப் போற பாதை, இவருக்குப் போன் போட்டாரே, அவரு காட்டு வழியாத்தான். பருத்தி போட்டிருக்காரு. எப்பயும் வரப்புல வுட்டுருவாரு. இப்ப ஆளு வந்து சொல்லிட்டுப் போறான், 'பொட்டி அங்க இருந்தா வரப்புல முள்ளு இருக்கும்'னு. வேற பாதை இல்ல. நீங்க இன்னைக்குக் குடுத்துட்டுப் போயிருவீங்க. எங்களுக்கு இன்னும் எத்தனை சாவு இருக்கு."

நான் செல்வியைப் பார்த்தேன். முடிவு அவள் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் உள்ளே போனாள். பெட்டியின் மேல் கிடந்த மாலையை எடுத்துச் சுவரில் ஆணியில் மாட்டினாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

பெண்கள் அந்த அம்மாவை வெளியே எடுத்துக் கிடத்தியதும், சித்தப்பாவும் தெருக்காரர்களும்தான் பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு மூலைக்கு ஆள் குறைந்தது. நான்தான் பிடித்தேன்.

முதலாளி ஐஸ் பார்களைத் தன் கையாலேயே இறக்கி ரோட்டோரம் அடுக்கினார். எப்படி உடைத்து, உமி போட்டு, துணி சுற்றி இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். தெருவுக்குள் மட்டும் அவர் கால் வைக்கவில்லை. போகும்போது என்னைப் பார்த்து, "நீ எடுத்தது தப்பான முடிவுன்னு நான் சொல்லல" என்றார்.

பின்னாளில் பெட்டி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஒரே நிறம், ஒரே கைப்பிடி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத பெட்டிகளாகப் பார்த்து வாங்கினேன். எது எங்கே போய் வந்தது என்று எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாளில் நாங்களும் மறந்துவிட்டோம். முதலாளி எதுவும் கேட்கவில்லை. இந்த மலரைப் படிக்கிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால், அந்தப் பெட்டிகளை நான் வாங்கியதுதான் என் உத்தியோகத்தில் செய்த ஒரே நிர்வாகம் என்பேன். ஆனால் செல்வி வீட்டுக்கு அது பயன்படவில்லை.

பெட்டியை எடுத்து வந்த மறுநாள் காலையிலிருந்து இரண்டு முறை பாயுடன் ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயில் அப்படி. கொட்டகைக் கூரைத் தகரம் கொதித்தது. இரண்டாம் முறை போனபோது வாசலில் ஊதுவத்தி கட்டுக்கட்டாக எரிந்துகொண்டிருந்தது. சாம்பிராணியும் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். செல்வி மட்டும் பொத்தவில்லை. அம்மாவின் முகத்தை வெள்ளை வேட்டியால் சுற்றிக் கட்டியிருந்தாள். "மூக்குலேர்ந்து வர ஆரம்பிச்சிருச்சுண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் தாண்டி முருகேசன் வந்தான். ஏர்போர்ட் சீட்டு ஒட்டிய பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தவன், வேட்டி சுற்றிய முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கையை நீட்டினான். செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொகம் வேணாம்டா."

"வுடுக்கா. ஒரு தடவ."

"வேணாம் சாமி. அது அம்மா மாரி இல்ல. காலப் பாரு. காலு அப்படியே இருக்கு, பாரு."

மஞ்சள் பூசிய இரண்டு பாதங்களுக்கு மட்டும் ஐஸ் அதிகமாக வைத்திருந்தாள் என்று அப்போதுதான் கவனித்தேன். இருக்கிற ஐஸ் முகத்தைக் காப்பாற்றாது என்று தெரிந்ததும், எதைக் காப்பாற்றலாம் என்று அவள் காலையிலேயே முடிவெடுத்திருக்கிறாள். அவன் அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தான்.

தூக்குவதற்கு முன் அவன் வெளியே வந்தான். என் சட்டையில் கடைப் பெயர் தைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பொட்டி கெடைக்கலையா?" என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

நான் வாய் திறக்கும் முன் செல்வி பேசினாள்.

"எங்கடா கெடைக்கும், முகூர்த்த நேரம். எல்லாப் பொட்டியும் வெளியில போயிருச்சாம். அண்ணன்தான் நேத்துலேர்ந்து ஐஸுக்கு அலையுறாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சித்தப்பாவும் பார்த்தார். பருத்திக்காட்டு வரப்பில் முள் இல்லை, பாடை கட்டியாகிவிட்டது. அவன் இன்னும் இரண்டு வாரத்தில் குவைத்துக்குப் போய்விடுவான். இவர்கள் இங்கேதான் இருப்பார்கள்.

"ஆமா முருகேசன். எல்லாம் வெளியில போயிருச்சு" என்றேன்.

அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லென்று இருந்தது. "ரொம்ப அலைஞ்சிட்டீங்கண்ணே" என்றான்.

அந்த நேரம் எங்கள் கொட்டகையின் முன்பக்கத்தில், கழுவி வைத்த அதே பெட்டி முழுக் குளிரில் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றும் அதற்கு அடுத்த நாளும் ஊர்த்தெருக்களில் யாரும் சாகவில்லை.